பக்கக்காற்றில் வால்சக்கரப் பைபிளேனை இறக்குவது எப்படி?

திருகோணமலைத் தம்பி ஒருவரின் கேள்வி இது. இரத்மலானையில் செஸ்னா 152இல் பழகி உரிமம் எடுத்துவிட்டார். அடுத்ததாக வெளிநாட்டில் டைகர் மொத் அல்லது ஸ்ரியர்மன் போன்ற இரட்டைச் சிறகு விமானம் ஒன்றில் பழகப் போகிறார். "எங்கட கச்சான் மாதிரிக் காற்று பக்கத்தால் அடித்தால் அதை எப்படி இறக்குவது? செஸ்னாவில் செய்வதுதானே?" என்று கேட்கிறார்.

சக்கரம் தரையைத் தொடும்வரை பெரும்பாலும் செஸ்னாவில் செய்வதுதான். தொட்ட பிறகு அப்படி இல்லை, தம்பி. செஸ்னாவில் சக்கரம் தொட்டதும் வேலை பாதிக்கு மேல் முடிந்துவிடும். வால்சக்கர பைபிளேனில் கடினமான பாதி அங்கேதான் தொடங்குகிறது. இந்த விமானங்கள் சேதமாவது பெரும்பாலும் காற்றிலே அல்ல, தரையில் வேகம் குறைந்து "இனிப் பரவாயில்லை" என்று கால் தளரும் நேரத்தில். கீழே எழுதுவது நீளமாக இருந்தாலும் அந்தப் பகுதியை மட்டும் அவசரமாக வாசிக்க வேண்டாம்.

முதலில் காரணம். மூன்றாவது சக்கரம் மூக்கின் கீழே உள்ள செஸ்னாவின் எடைமையம் இரண்டு பிரதான சக்கரங்களுக்கும் முன்னால் இருக்கிறது. விமானம் கொஞ்சம் கோணலாகத் தொட்டாலும் முன்னால் இருக்கும் எடை அதை நேராக்கி இழுத்துக்கொண்டு போகும். மூன்றாவது சக்கரம் வாலில் உள்ள வால்சக்கர விமானத்தில் எடைமையம் பிரதான சக்கரங்களுக்குப் பின்னால். கோணலாகத் தொட்டால் பின்னால் இருக்கும் எடை போன திசையிலேயே போகப் பார்க்கும். சக்கரங்கள் தரையைப் பிடித்துக்கொள்ளும். வால் சுற்றத் தொடங்கும். சுற்றச் சுற்ற அந்தத் திருப்பம் தன்னைத்தானே பெருக்கும். இதுதான் கிரவுண்ட் லூப். பைபிளேனில் இன்னும் சில பாதகங்கள் சேர்கின்றன. சக்கர இடைவெளி குறுகல், உடல் கட்டை, கம்பிகளும் தாங்குதண்டுகளும் இரண்டு சிறகுகளும் காற்றுக்குக் கொடுக்கும் பரப்பு அதிகம், கீழ்ச் சிறகின் நுனி தரைக்குக் கிட்ட. கொஞ்சம் கூடுதலாகச் சாய்ந்தால் முதலில் அடிபடுவது அந்த நுனிதான்.

அடுத்தது, பலர் கணக்கிட்டுப் பார்க்காத ஒரு விஷயம். 10 நொட் (நொட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) காற்று நேர் பக்கத்தால் வருகிறது என்று வையுங்கள். விமானம் 50 நொட்டில் ஓடும்போது, அதற்குக் காற்று மூக்கிலிருந்து ஏறத்தாழ 11 பாகை விலகி வருவதாகத் தோன்றும். 25 நொட்டுக்குக் குறைந்ததும் அது 22 பாகை. 10 நொட்டில் 45 பாகை. அதே நேரம் சுக்கானின் (காலால் மிதித்து மூக்கைத் திருப்பும் வால் பலகையின்) பலம் வேகத்தின் வர்க்கத்தோடு குறைகிறது. 50இலிருந்து 25க்கு வந்தால் பலம் நாலில் ஒன்று. அதாவது காற்று மேலும் மேலும் பக்கத்தால் தள்ள வருகையில், அதை எதிர்க்கும் சுக்கான் செத்துக்கொண்டு போகிறது. அந்த இடைவெளியை நிரப்ப உங்களிடம் மிஞ்சுவது வால்சக்கரமும் பிறேக்கும் மட்டும். பழைய டைகர் மொத்தில் அவையும் இல்லை. வாலில் சறுக்குக்கட்டைதான், பிறேக் கிடையாது. கனடாவில் செய்த டிஎச் 82சி என்ற டைகர் மொத் வகையில்தான் வால்சக்கரமும் பிறேக்கும் சேர்த்தார்கள். ஆகவே போய்ச் சேர்ந்ததும் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் விமானத்தின் வாலில் என்ன இருக்கிறது என்பதை.

வடிவமைத்தவர்கள் கவனக்குறைவாக இருந்தார்கள் என்பதல்ல. டைகர் மொத் 1931இல் முதலில் பறந்த காலத்தில் விமானத்தளம் என்றால் பெரும்பாலும் புல்வெளி. காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் பார்த்து இறங்குவார்கள். விமானந்தாங்கிக் கப்பலும் அப்படித்தான், கப்பலையே காற்றுக்கு எதிராகத் திருப்பிவிடலாம். 1942இல் திருகோணமலைச் சீனக்குடாவில் இருந்த கடற்படையின் சோட்ஃபிஷ் பைபிளேன்கள் அந்த மரபில் வந்தவை. ஒரே திசையில் நீளும் தார் ஓடுபாதை வந்த பிறகுதான் பக்கக்காற்று இவற்றுக்குப் பெரிய தொல்லையானது. தார் இன்னொரு வகையிலும் கெடுதல் செய்யும். புல்லில் ரயர் பக்கவாட்டில் கொஞ்சம் வழுக்கிப் பிழையை மன்னிக்கும், தார் மன்னிக்காது. பழகும் இடத்தில் புல் ஓடுபாதை இருந்தால் அதையே கேளுங்கள்.

இனிக் காற்றைக் கணக்கிடுவது. உங்களுக்குத் தெரிந்த சீனக்குடா ஓடுபாதையையே எடுத்துக்கொள்வோம். அது 06/24, அதாவது ஒரு பக்கமாக இறங்கினால் 60 பாகையையும் மறுபக்கமாக இறங்கினால் 240 பாகையையும் நோக்கும். தென்மேற்குச் சோளகமும் வடகிழக்கு வாடையும் ஒழுங்காக வீசும் நாட்களில் காற்று பெரும்பாலும் ஓடுபாதை நீளத்தோடு ஒத்துப்போகும். கச்சான் மேற்கே திரும்பினால்தான் பக்கக்காற்று. 24இல் இறங்கும்போது காற்று 270இலிருந்து 16 நொட் என்றால் வித்தியாசம் 30 பாகை. பக்கப் பங்கு பாதி, 8 நொட். எதிர்ப் பங்கு கிட்டத்தட்ட 14. அதே 16 நொட் 300க்குத் திரும்பினால் வித்தியாசம் 60 பாகை, பக்கப் பங்கு 14, எதிர்ப் பங்கு 8. காற்றின் வேகம் மாறவில்லை, திசை 30 பாகைதான் மாறியது. ஆனால் முதல் நிலைமை பழகியவருக்குச் சமாளிக்கக்கூடியது, இரண்டாவது வீட்டில் இருக்க வேண்டிய நாள். மனதில் வைக்க மூன்று எண்கள் போதும்: 30 பாகைக்குப் பாதி, 45க்குப் பத்தில் ஏழு, 60க்குப் பத்தில் ஒன்பது. 60க்கு மேல் முழுக்காற்றும் பக்கக்காற்று என்றே எடுங்கள். காற்றின் தள்ளு விசையும் வர்க்கத்தில்தான் ஏறும். 10இலிருந்து 15 நொட் ஆனால் விசை ஒன்றரை மடங்கு அல்ல, இரண்டேகால் மடங்கு. வீச்சுக்காற்று இருந்தால் சராசரியை அல்ல, உச்ச வீச்சை வைத்துக் கணக்கிடுங்கள்.

கோபுரம் சொல்வதோடு நிற்காமல் காற்றைக் கண்ணாலும் பாருங்கள். காற்றுப்பை முழுதாக நிமிர்ந்து நின்றால் ஏறத்தாழ 15 நொட்டோ அதற்கு மேலோ. பை நிமிர்வதும் தொங்குவதுமாக இருந்தால் எண்ணைவிட அதுதான் எச்சரிக்கை. குடாவோ குளமோ பக்கத்தில் இருந்தால் நீரைப் பாருங்கள். காற்று வரும் கரையோரம் ஒரு பட்டி நீர் அலையின்றிக் கிடக்கும். ஓடுபாதைக்குக் காற்றுப்பக்கம் (காற்று வரும் பக்கம்) மரவரிசையோ கட்டடமோ இருந்தால் அதன் பின்னே காற்று உடைந்து உருளும். அந்த இடத்தைத் தாண்டித் தொடும்படி திட்டமிடுங்கள்.

சுற்றுப்பாதையில் எந்தப் பக்கத்தால் வருகிறீர்கள் என்பதும் முக்கியம். 24இல் காற்று வலப்பக்கத்திலிருந்து வருகையில் இடச்சுற்றில் வந்தால் பேஸ் லெக் (கடைசித் திருப்பத்துக்கு முன் ஓடுபாதைக்குக் குறுக்காகப் பறக்கும் பகுதி) 330 நோக்கி, கச்சானுக்கு எதிராக. தரைவேகம் குறையும், கடைசித் திருப்பத்துக்கு நேரம் கிடைக்கும். வலச்சுற்றில் வந்தால் பேஸ் லெக்கில் காற்று பின்னால் தள்ளும். ஓடுபாதை நேர்கோட்டைத் தாண்டிவிடுவீர்கள். மீட்க விமானத்தை இறுக்கிச் சாய்க்கத் தோன்றும். தாழ்வாகவும் மெதுவாகவும் பறக்கும்போது அந்த இறுக்கம் ஸ்டோலில், அதாவது சிறகு தூக்குவிசையை இழப்பதில், போய் முடியும். தாண்டிவிட்டால் தாண்டியதுதான். திறொட்டிலைத் திறந்து எஞ்சின் சக்தியைக் கூட்டி இன்னொரு சுற்று வாருங்கள்.

இறங்கும் வேகம் கையேட்டில் உள்ளதுதான். டைகர் மொத்துக்கு அது 50 நொட்டைச் சுற்றி வரும், பிட்ஸ் போன்ற வித்தை பைபிளேன்களுக்கு அதைவிட மிக அதிகம். வீச்சுக்காற்றில் உச்சத்துக்கும் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியைச் சேருங்கள். 10 நொட் சராசரி, 18 உச்சம் என்றால் 4 நொட். அதற்கு மேல் சேர்த்தால் மிதந்துகொண்டே போவீர்கள், மிதக்கும் ஒவ்வொரு விநாடியும் காற்று உங்களைப் பக்கத்துக்குத் தள்ளும். இன்னொன்று: பைபிளேனில் இழுவை அதிகம். திறொட்டிலை மூடிய கணம் வேகம் செஸ்னாவைவிட வேகமாக வடியும்.

விலகலைத் தடுக்க இரண்டு வழி உண்டு. மூக்கைக் காற்றுப்பக்கம் திருப்பி வைத்து வருவது ஒன்று, இதைக் கிராப் என்பார்கள். 50 நொட்டில் 8 நொட் பக்கக்காற்றுக்கு 9 பாகை திருப்ப வேண்டும். காற்றுப்பக்கச் சிறகைத் தாழ்த்தி, எதிர்ச் சுக்கானால் மூக்கை ஓடுபாதையோடு ஒட்ட வைத்து வருவது மற்றது, ஸ்லிப். கிராப்பில் தரைவரை வந்து கடைசிக் கணத்தில் காலால் நேராக்கும் முறையைப் புதியவர்களுக்கு நான் சொல்லமாட்டேன். 8 நொட் என்றால் விநாடிக்கு 4 மீட்டர். எடை குறைந்து பரப்புக் கூடிய இந்த விமானம் நேராக்கிய ஓரிரு விநாடியிலேயே பக்கவாட்டில் நகரத் தொடங்கிவிடும். தூரத்தில் கிராப்பில் வந்து, ஓடுபாதை எல்லைக்கு முன்பே ஸ்லிப்புக்கு மாறி, அதே நிலையில் தொடுவதுதான் நல்லது. இங்கே இரண்டு வேலைகளும் இரண்டு உறுப்புகளுக்கு: பக்கவாட்டு நகர்வைக் கை நிறுத்துகிறது, மூக்கின் திசையைக் கால் பிடிக்கிறது. நகர்வைக் காலால் திருத்தப் பார்ப்பதுதான் செஸ்னாவிலிருந்து வருபவர்கள் செய்யும் முதல் பிழை.

பின் இருக்கையிலிருந்து பார்த்தால் மூக்கு ஓடுபாதையை மறைத்துவிடும். ஆகையால் உயரம் மிஞ்சியிருந்தால் ஸ்லிப்பைக் கொஞ்சம் கூட்டி, மூக்கை மறுபக்கம் தள்ளி, காற்றுப்பக்க விளிம்பு வழியே ஓடுபாதையைப் பார்த்தபடி இறங்குங்கள். பெரும்பாலான பைபிளேன்களில் ஃப்ளாப் (இறங்கும்போது சிறகின் பின்விளிம்பில் தாழ்த்தும் பலகை) கிடையாது, உயரத்தைக் குறைக்கவும் இதுவே வழி. ஸ்லிப்பில் வேகமானியை முழுதாக நம்ப வேண்டாம், கம்பிகளின் ஓசையும் கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுக் கோலின் கனமும் சேர்ந்து சொல்வதைக் கேளுங்கள். திறந்த கொக்பிட்டில் ஒரு கன்னத்தில் மட்டும் காற்று அறைந்தால் ஸ்லிப்பில் இருக்கிறீர்கள். நீங்கள் கேட்டுப் பெற்ற ஸ்லிப்பா அது என்று பாருங்கள்.

ஸ்லிப்பில் இருக்கும்போதே ஒரு சோதனை செய்யலாம். மூக்கை ஓடுபாதைக்கு நேராகப் பிடிக்க எவ்வளவு சுக்கான் போகிறது? முழு மிதியும் போதவில்லை என்றால் பேச்சில்லை, இறங்க முடியாது. ஆனால் முழு மிதி தேவைப்படாமல் இருந்தால் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். 50 நொட்டில் பாதிக்கு மேல் மிதி போனால், 25 நொட்டில் மிதிக்க எதுவும் மிஞ்சியிராது. பாதி என்பது என் அளவுகோல். எந்தக் கையேட்டிலும் இருப்பதல்ல, மேலே சொன்ன 11, 22, 45 பாகைக் கணக்கிலிருந்து வருவது.

தொடுவது. மூன்று புள்ளி இறக்கத்தில், அதாவது வாலும் சேர்ந்து தொடும் இறக்கத்தில், பக்கக்காற்று நாளில் முதலில் தொடுவது காற்றுப்பக்கச் சக்கரமும் வால்சக்கரமும். மறுபக்கச் சக்கரம் பிறகு தானாக வந்து அமரும். சிறகு தாழ்ந்திருப்பதைப் பார்த்துப் பயந்து கடைசியில் சமப்படுத்துவோர் உண்டு. சமப்படுத்திய அந்த நொடியே நகர்வு தொடங்கும், ரயர் பக்கவாட்டில் கடிக்கும். முன்னால் எதுவும் தெரியாத அந்த நேரத்தில் பார்வை இரண்டு பக்க ஓரங்களுக்கும் போய்வர வேண்டும். இடப்பக்கம் தெரியும் புல்லும் வலப்பக்கம் தெரியும் புல்லும் ஒரே அளவா என்று பார்ப்பதுதான் நேர்கோடு.

பிரதான சக்கரங்களில் மட்டும் தொட்டு வாலைத் தூக்கிவைத்து ஓடுவது மற்ற முறை. வேகம் அதிகம், சுக்கான் உயிரோடிருக்கும், முன்னால் தெரியும், சிறகு மீண்டும் தூக்காது. குறை என்னவென்றால் எப்படியும் வாலை இறக்கித்தான் ஆக வேண்டும். வால் நடுவழியில் இருக்கும் சில விநாடிகளில் சுக்கானும் பலமற்றது, வால்சக்கரமும் தரையில் இல்லை. ஆகவே வால் தானாக விழும்வரை காத்திராமல், வாலை ஏற்றி இறக்கும் எலிவேற்றர் வேலை செய்யும்போதே இறக்குங்கள். அப்போது ஒரு நுணுக்கம் உண்டு. பல வால்சக்கரங்கள் சுக்கானோடு சங்கிலியாலும் ஸ்பிரிங்காலும் இணைந்தவை. சுக்கான் நன்றாக மிதிபட்டிருக்கையில் வால் தரையைத் தொட்டால் திரும்பியிருக்கும் சக்கரம் விமானத்தைச் சட்டென்று மறுபக்கம் இழுக்கும். வால் தொடும் கணத்தில் மிதியை நடுவுக்குக் கிட்டக் கொண்டுவந்து, தொட்டதும் தேவையான அளவை மீண்டும் கொடுங்கள். என் அபிப்பிராயத்தில் தொடக்கத்தில் மூன்று புள்ளியே பழகுங்கள். வீச்சுக்காற்றில், பிறேக் உள்ள ஸ்ரியர்மன் போன்றதில், கை பழகிய பிறகு மற்றது.

தொட்டாயிற்று. இப்போதுதான் அந்தக் கடினமான பாதி. கோல் வயிற்றோடு பின்னுக்கு, வால்சக்கரத்தைத் தரையில் அழுத்த. கோல் காற்றுப்பக்கத்துக்கும். வேகம் குறையக் குறைய எயிலரோனை (விமானத்தைப் பக்கம் சாய்க்கும் சிறகுப் பலகையை) கூட்டிக்கொண்டே போய், நிற்கும்போது முழு அளவில் இருக்க வேண்டும். தொட்டதும் கோலை நடுவுக்கு விடுவது பெரும்பிழை, அடுத்த வீச்சு காற்றுப்பக்கச் சிறகைத் தூக்கும். எயிலரோனுக்கு இன்னொரு பயனும் உண்டு. மறுபக்கத்தில் கீழே இறங்கும் எயிலரோனின் இழுவை, மூக்கு காற்றுப்பக்கம் திரும்புவதைக் கொஞ்சம் தடுக்கும். டைகர் மொத்தில் எயிலரோன் கீழ்ச் சிறகில் மட்டும், அதுவும் கீழே இறங்குவது மிகக் குறைவு. அந்த உதவியை அங்கே எதிர்பார்க்காதீர்கள்.

கால் சும்மா இருக்கக் கூடாது. விமானம் காற்றை நோக்கி மூக்கைத் திருப்பப் பார்க்கும். நீங்கள் மறுபக்க மிதியால் சின்னச் சின்னதாக, உடனுக்குடன் பதில் சொல்ல வேண்டும். திருப்பம் நின்றதும் மிதியை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த பக்கம் சுழலும். முன்பைவிடப் பெரிதாகச் சுழலும். கண் ஓடுபாதையின் தூர முனையில் இருந்தால் திருப்பத்தை இரண்டு பாகையிலேயே பிடிக்கலாம், மூக்கருகே பார்த்துக்கொண்டிருந்தால் பத்தில்தான் தெரியும். முழு மிதியும் போதாவிட்டால் மறுபக்கப் பிறேக்கைத் தட்டித் தட்டிக் கொடுங்கள். அழுத்திப் பிடித்தால் வால் எழும்பும், புரொப்பெல்லர் தரையில் அடிக்கும். அதுவும் போதாவிட்டால், கோலை முழுதாகப் பின்னுக்கு வைத்து, ஒரு குறுகிய திறொட்டில் வெடிப்பு. புரொப்பெல்லர் காற்று சுக்கானுக்கு மீண்டும் உயிர் கொடுக்கும். திருப்பம் கையை மீறிப் போய்விட்டால் திறொட்டிலை மூடி, கோலைப் பின்னுக்கே வைத்திருங்கள். அந்த நிலையில் முழு சக்தி கொடுத்து எழும்பப் பார்ப்பது, ஒரு சிறகு நுனியோடு போக வேண்டிய சேதத்தைப் பெரிய விபத்தாக்கும்.

திரும்ப எழும்புவதென்றால் அதற்கு முன்பே முடிவெடுக்க வேண்டும். துள்ளல் ஒரு முழங்கால் உயரத்துக்கு மேல் போனால் எழும்புங்கள், ஏனென்றால் துள்ளிய விமானம் காற்றில் இருக்கும் நேரமெல்லாம் நகர்ந்துகொண்டிருக்கும். திறொட்டில் திறக்கும்போது எந்தப் பக்கம் இழுக்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். டைகர் மொத்தின் ஜிப்சி மேஜர் எஞ்சின் விமானியின் பக்கமிருந்து பார்க்க இடஞ்சுழியாகச் சுற்றும், விமானத்தை வலப்பக்கம் இழுக்கும். வலப்பக்கக் காற்றும் மூக்கை வலப்பக்கமே திருப்பும். இரண்டும் சேர்ந்துவிடும், இடக்கால் தயாராக இருக்க வேண்டும். ஸ்ரியர்மனில் உள்ள அமெரிக்க எஞ்சின்களுக்கு இது தலைகீழ், இடப்பக்கக் காற்றுதான் அங்கே கெட்டது.

நின்றபின் தரிப்பிடம் வரை ஓட்டுவதும் இறக்கத்தின் பகுதிதான். காற்று முன்பக்கத்தால் வந்தால் கோல் பின்னுக்கும் காற்றுப்பக்கத்துக்கும். பின்பக்கத்தால் வந்தால் கோல் முன்னுக்கும் காற்றுக்கு எதிர்ப்பக்கத்துக்கும். பின்னாலிருந்து குறுக்காக வரும் காற்றுதான் மிக மோசம், வாலையும் ஒரு சிறகையும் சேர்த்துத் தூக்கும். 15 நொட்டுக்கு மேல் என்றால் ஓடுபாதையிலேயே காற்றைப் பார்த்து நிறுத்தி, சிறகு பிடிக்க ஆட்களைக் கூப்பிடுங்கள். பிடிப்பவர்கள் கீழ்ச் சிறகின் விளிம்பை அல்ல, வெளித் தாங்குதண்டின் அடியைப் பிடிக்க வேண்டும். துணி போர்த்த விளிம்பு கையோடு நசுங்கும். புரொப்பெல்லர் பக்கம் எவரும் போகாதபடி முன்பே சொல்லிவையுங்கள்.

பறக்கு முன் பார்க்க வேண்டியவை: இரண்டு ரயரிலும் காற்று சமமா, ஒரு பக்கப் பிறேக் உரசுகிறதா, வால்சக்கரச் சங்கிலியில் தொய்வு எவ்வளவு, சக்கரத்தாங்கியின் றப்பர் கயிறுகள் ஒரு பக்கம் தளர்ந்து விமானம் சாய்ந்து நிற்கிறதா. பூட்டக்கூடிய வால்சக்கரம் என்றால் இறங்குமுன் பூட்டியதைச் சரிபார்ப்பது. இவற்றில் ஒன்று கெட்டிருந்தால் 5 நொட் பக்கக்காற்றே 10 போல நடந்துகொள்ளும்.

எல்லை எவ்வளவு? பல பழைய விமானங்களின் கையேட்டில் பக்கக்காற்றுக்கு எண்ணே இருக்காது. ஆசிரியரோடு 5 நொட்டில் தொடங்குங்கள். தனியாகப் பறக்கும்போது அதே 5ஐ எல்லையாக வையுங்கள். ஆசிரியரோடு 8இல் அடுத்தடுத்துச் சரியாக வந்த பிறகே தனியாக 8. பிறேக் இல்லாத, சறுக்குக்கட்டை வைத்த விமானம் என்றால் 5க்கு மேல் வேறு ஓடுபாதையையோ குறுக்காக இறங்கக்கூடிய புல்வெளியையோ தேடுங்கள். அகலமான ஓடுபாதையில் மூலைக்கு மூலை குறுக்காக இறங்கலாம் என்றும் சொல்வார்கள். 45 மீட்டர் அகலத்தில் 300 மீட்டர் ஓட்டத்துக்கு எட்டரைப் பாகைதான் கிடைக்கும். 60 பாகையில் 15 நொட் காற்றாக இருந்தால் பக்கப் பங்கு 13இலிருந்து 12க்குக் கிட்ட வரும், அவ்வளவுதான். அந்த ஒரு நொட்டை நம்பிப் புறப்பட வேண்டாம்.

போகுமுன் இங்கேயே பழக ஒன்று இருக்கிறது. செஸ்னாவில் ஆசிரியரோடு, மிதமான பக்கக்காற்று நாளில், காற்றுப்பக்கச் சக்கரத்தில் மட்டும் தொட்டு, மற்றச் சக்கரத்தை எவ்வளவு நேரம் தூக்கி வைத்திருக்கலாம் என்று பழகுங்கள். தொட்ட பிறகு ஓட்டம் முடியும்வரை எயிலரோனைக் கூட்டிக்கொண்டே போங்கள், நடுக்கோடு இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே இருக்க வேண்டும். செஸ்னா இதைக் கேட்காது, நீங்கள் விட்டாலும் நேராகவே போகும். அதனால் ஆசிரியரிடம் முன்பே சொல்லி, கால் எப்போது நின்றது என்று ஒவ்வொரு முறையும் அவரைச் சொல்லச் சொல்லுங்கள்.